ஒரு கம்பியில் இரண்டு நல்லசிவம்

நல்லசிவம் வேலை பார்க்கும் கட்டடத்தில் சர்வர் கணினிகள் மூன்றாம் மாடியில் இருந்தன. அவற்றை ஒன்றோடொன்று பேசவைக்கும் சுவிட்ச் பெட்டிகள் நான்காம் மாடியில் இருந்தன. இரண்டுக்கும் நடுவே படிக்கட்டு கிடையாது. கம்பி மட்டும்தான் போகும். இது யாருக்கும் குறையாகப் படவில்லை.

கீழே நல்லசிவம். மேலே பூரணி. இவன் சர்வர் பக்கம் ஓர் எண் போட்டால், அதே எண்ணை அவள் சுவிட்ச் பக்கம் போட வேண்டும். எண் ஒத்துப்போனால் பேச்சு போகும். ஒத்துப்போகாவிட்டால் விளக்கு என்னவோ பச்சையாகத்தான் எரியும், ஒரு வார்த்தை போகாது. போனும் அதே கம்பியில்தான். பதினோரு வருடமாகத் தினமும் காலை பத்தரைக்கு அவள் கூப்பிடுவாள்.

"வருதா சார்?"

"வருதும்மா."

அவ்வளவுதான். முகம்கூடப் பார்த்ததில்லை. அந்த ஒரு "வருதா"வுக்காக மனிதன் தினமும் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தான் என்றால் நீங்கள் நம்பத்தான் வேண்டும்.

ஆடி மாதம் ஓர் உத்தரவு வந்தது. இனி புது வேலைக்குப் புதுக் கம்பி கிடையாது. இருக்கும் ஒரே கம்பியில், இல்லாத கம்பிகளை இருப்பதாக எழுதிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர் வர்ச்சுவல் இன்டர்ஃபேஸ்.

நல்லசிவம் முதலாவதை எழுதினான். உத்தரவில் இரண்டு மாடிக்கும் கொடுத்திருந்த நாற்பது என்ற எண்ணைப் போட்டு என்டரைத் தட்டினான். உடனே அவன் நாற்காலியில் இன்னொரு நல்லசிவம் உட்கார்ந்திருந்தான். அதே சட்டை. தொப்பை மட்டும் இல்லை.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க," என்றான் இரண்டாமவன்.

இது எதிர்பார்த்ததுதான். கையேட்டின் பதினாறாம் பக்கத்தில் படமே போட்டிருந்தது. பத்தரைக்குப் போன் மணி அடித்தபோது இரண்டாமவன் கை முந்திக்கொண்டதைத்தான் நல்லசிவம் எதிர்பார்க்கவில்லை.

"வருதா சிவம்?" என்றாள் பூரணி.

சிவமாம்! பதினோரு வருடம் சாராக இருந்தவன் பாதி நாற்காலியில் தொங்கிக்கொண்டிருக்கிறான். காலையில் முளைத்தவன் சிவம்.

"வருது பூரணி. சாப்ட்டியா?"

"இட்லி. நீ?"

நல்லசிவத்துக்கு வயிறு எரிந்தது. இட்லி தின்ற கதையை அவள் ஒருநாள் இவனிடம் சொன்னதுண்டா? தான் எழுதியவன்மேல் தானே பொறாமைப்படுவது கேவலம் என்று தெரிந்தது. தெரிந்தும் எரிந்தது.

அழித்துவிடலாம் என்று கையேட்டைப் புரட்டினான். அதற்கான படிவத்தில் இரண்டு நல்லசிவமும் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாமவன் பேனாவைத் தொடவில்லை.

"சாப்ட்டியான்னு நீங்க கேட்டிருக்கலாம்ல?" என்றான். "யாரு வேணான்னா?"

உண்மையைச் சொன்னவன்மேல் வரும் கோபம் பொல்லாதது. இரண்டாமவன் கழிவறைக்குப் போன நேரம் பார்த்து, மேலே தகவல் சொல்லாமல், நல்லசிவம் நாற்பதை நாற்பத்தொன்றாக மாற்றினான்.

மறுநாள் பத்தரைக்குப் போன் அடிக்கவில்லை. இரண்டாமவன் எடுத்து "பூரணி, பூரணி" என்று கூப்பிட்டுப் பார்த்தான். விளக்கு பச்சையாக எரிந்தது. நல்லசிவத்துக்குக் குளுகுளுவென்று இருந்தது. மூன்று நாள் அப்படி இருந்தது.

நான்காம் நாள், இல்லாத படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அரை மணி நேரம் கேட்டது. படிகள் கூடிக்கொண்டே போயின போலிருக்கிறது. கடைசியில் பூரணி வந்து நின்றாள், கையில் டிபன் பாக்ஸோடு. அவன் நினைத்திருந்ததைவிடக் குள்ளம். அழகாக இருந்தாள்.

நல்லசிவம் எழுந்து நின்றான். "சாப்ட்டீங்களா" தொண்டைவரை வந்துவிட்டது.

"மூணு நாளா பேச்சே இல்லியே சிவம். பயந்துபோய் எறங்கி வந்துட்டேன்," என்றாள் அவள் இரண்டாமவனிடம். டிபன் பாக்ஸை அவன் முன்னால் வைத்தாள். அப்புறம்தான் திரும்பினாள். "இது யாரு?"

"இவருதான் கம்பி," என்றான் இரண்டாமவன். "இவரு வழியாத்தான் நாம பேசுறோம்."

அவள் நல்லசிவத்தின் நெற்றியை உற்றுப் பார்த்தாள். அங்கே ஒரு பச்சை விளக்கும் அதன் கீழே நாற்பத்தொன்று என்ற எண்ணும் இருந்தன.

"விளக்கு எரியுதே. ஓ, நம்பர் மாறியிருக்கு."

எக்கி நின்று, நெற்றியில் விரல் வைத்து, நாற்பத்தொன்றை நாற்பதாக்கினாள். பதினோரு வருடத்தில் அவள் அவனைத் தொட்டது அப்போதுதான். பிறகு மேலே போய்விட்டாள்.

மறுநாள் பத்தரைக்கு மணி அடித்தது. நல்லசிவத்தின் நெஞ்சுக்குள் அடித்தது.

"வருதா சிவம்?"

வரவில்லை என்று சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான்.

"வருது பூரணி," என்று அதிலிருந்து வந்தது. "சாப்ட்டியா?"