பரீட்சை நோயாளி

அழகுமுத்து திம்புள்ளத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரியில் மருந்து கலக்குபவன். 1959இல் தோட்ட வைத்தியராவதற்கான அப்போதிக்கரிப் பரீட்சைக்குப் போய், ரத்த நோய்களில் மட்டும் படுதோல்வி அடைந்தான். தோட்டத்தில் வெளிறிய முகத்தோடு யார் வந்தாலும் குடற்பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மிக்ஸ்சரும்தான் கொடுத்துப் பழக்கம். துரையின் நாய் வந்திருந்தாலும் அதையேதான் கொடுத்திருப்பான்.

அடுத்த தடவைக்கு அவனைத் தயார்படுத்தும் பொறுப்பை மனைவி சண்முகவடிவு எடுத்துக்கொண்டாள். ஹட்டனில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், இங்கிலீஷ் வாசிப்பாள். மாதிரி நோயாளிகள் நிறைந்த தடிப் புத்தகமொன்று வீட்டில் இருந்தது. பொழுது சாய்ந்ததும் அதில் ஒருவரைப் பொறுக்கி, விடையை மறைத்துவிட்டு, தானே அந்த நோயாளியாகி முக்காலியில் வந்து உட்காருவாள்.

புத்தகத்து நோயாளிகள் ஒழுக்கமானவர்கள். வயது, மூச்சிரைப்பு, நாக்குப் புண் என்று வரிசையாகச் சொல்வார்கள். சண்முகவடிவின் நோயாளிகள் மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையாவைத் திட்டினார்கள், மாமியாரை நினைத்து அழுதார்கள். ரத்தப் புற்று வந்த ஒருத்தி கடைசிவரை தன் ஆட்டுக்குத்தான் மருந்து கேட்டாள்.

"ஈறுல ரத்தம் வருதுன்னு நீ சொல்லணும் வடிவு. புத்தகத்துல இருக்கு" என்று அழகுமுத்து எரிச்சல்பட்டான்.

"புத்தகத்துல இருக்கவ சொல்லுவா. நம்ம தோட்டத்து லயத்துல யாருங்க சொல்றா? எந்திரிச்சுப் போறப்பதான் மெதுவா வாயத் தொறப்பாங்க."

கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் பரீட்சை நடந்தது. அவனுக்குக் கிடைத்த நோயாளி இப்றாஹிம் நானா. சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு, கட்டிலில் மாப்பிள்ளை போல வீற்றிருந்தார். அழகுமுத்து வாய் திறக்குமுன்பே அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மூணு வருஷமா இந்தச் சோதினைக்கு வாரேன், தம்பி. எனக்கு ஈக்கிறது விட்டமின் பி பன்னிரண்டு கொறவு. அதச் சொல்லிட்டுப் போங்க."

காலையிலிருந்து வந்த எல்லோரும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அழகுமுத்துவுக்கோ நோயாளி முதலில் சொல்வதை நம்பும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அதற்கு ஊசி போடுகிறீர்களா என்று கேட்டான். மாதம் தவறுவதில்லை என்றார். பிறகு ஏன் முகம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருக்கிறது? கண்ணிமையை இழுத்துப் பார்த்தான், உள்ளேயும் வெள்ளை. சாப்பாடு, தூக்கம், மகள் ரஸீனாவைக் கட்டிக்கொடுத்த இடம் என்று கேட்டுக்கொண்டே போனான். மருமகன் சரியில்லை என்பதுவரை வந்தபோது மணி அடித்தது. அவன் எழுந்தான்.

நானா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அவங்களுக்குச் சொல்ல வாணாம். வெளிக்குப் போற நேரம் ரத்தம் போகுது. கன மாசமா."

அழகுமுத்து பரீட்சகர்களிடமே சொன்னான். ஊசி வேலை செய்கிறது, மூலத்தில் ரத்தம் போய்த்தான் இப்போது இரும்பு குறைந்திருக்கிறது என்றான். அவர்கள் சங்கடத்தோடு இங்கிலீஷில் குசுகுசுத்துவிட்டு, நானாவை ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார்கள். அதுவரை எல்லோரும் பி பன்னிரண்டுக்காக அவர் நாக்கை மட்டுமே பார்த்திருந்தார்கள்.

அவன் தேறினான். நானாவுக்கு ஆபரேஷன் நடந்து கன்னம் சிவந்துவிட்டது. சிவந்த ஆளைப் பரீட்சைக்கு யார் கூப்பிடுவார்? பரீட்சை நாளில் வார்டில் கிடைத்துவந்த புரியாணிப் பார்சலும் நின்றுபோயிற்று. சான்றிதழ் வாங்கப் போன அழகுமுத்துவை வராந்தாவில் மடக்கி, நன்றியும் ஏச்சுமாகத் தீர்த்துவிட்டார்.

சொல்ல வேண்டாம் என்றதைச் சொல்லிவிட்டோமே என்ற கூச்சம் அவனுக்கு இருந்தது. சண்முகவடிவுக்கு அது துளியும் இல்லை. உடப்புசல்லாவையில் புது வேலைக்கு லொறியில் சாமான் ஏற்றிப் போனபோது, வழியெல்லாம் அவள், அவன் சொல்லிக் கேட்ட நானாவைப் போலவே, புரியாணி போனதற்கு ஏசிக்கொண்டு வந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் டிரைவர் லொறியை ஓரங்கட்ட வேண்டியதாயிற்று.