ஒரு நட்சத்திரம்

யஸ்னா இரண்டாவது முறையும் எண்ணினாள். ஐந்துதான். அப்பாவின் சவப்பெட்டிமேல் லாசர் மாமா வைத்த பூக்கள் ஐந்து. சாவுக்கு இரட்டைப்படையில்தான் பூ வைப்பார்கள். ஒற்றைப்படை உயிரோடு இருப்பவர்களுக்கு. நாற்பது வருடம் அப்பாவோடு கிடார் வாசித்த மனிதருக்கு இதுகூடவா தெரியாது?

"என்ன மாமா, அஞ்சு பூ?"

"ஒண்ணு பஸ்ல நசுங்கிடுச்சும்மா. ஒரு குண்டு ஆளு அதுமேலயே உக்காந்துட்டான்."

அவள் நம்பவில்லை. அன்று அவள் யாரையுமே நம்பவில்லை.

எல்லாம் அந்த இசைத்தட்டு செய்த வேலை. அப்பா வோயின் எழுதிப் பாடிய 'கரை', நாற்பத்து மூன்று வருடம் கழித்து, போன இலையுதிர்காலத்தில் மறுபடி வெளியானது. நோவி சாத் நகரமே இணையத்தில் கருத்து எழுதியது. இதன் முதல் பாட்டைக் கேட்டு என் மனைவி திரும்பி வந்தாள் என்றார் ஒருவர். அதே பாட்டைக் கேட்டுத்தான் என் மனைவி போனாள் என்றார் அடுத்தவர். இருவரும் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். 'ஆற்றுக்கெளுத்தி' என்ற பெயரில் எழுதிய ஆசாமி மட்டும் ஒன்றே ஒன்று.

"ஒலியை நன்றாகத் துடைத்திருக்கிறார்கள். திருடன் பெயரைத் துடைக்க மறந்துவிட்டார்கள். இந்த வரிகள் வோயின் எழுதியவை அல்ல. இரண்டாவது பாட்டில் வெள்ளைக் கப்பல் என்று பாடுகிறான். எழுதியபோது அது மணல் படகு."

மாதா மாதம் இதையே மாற்றி மாற்றி எழுதியது கெளுத்தி. 'அப்பா எழுதறாரு, சத்தம் போடாதே' என்று அடக்கி அடக்கி வளர்க்கப்பட்டவள் யஸ்னா. அது பொய்யென்றால் அவளுக்கு அப்பா என்று மிச்சமிருப்பது யார்?

கல்லறைத் தோட்டத்தில், கெளுத்தி யாராக இருக்கும் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரோ தொண்டையைச் செருமினால்கூடத் திடுக்கிட்டாள், இதோ கத்தப் போகிறான் என்று. யாரும் கத்தவில்லை. பாதிரியார் பாடி முடித்தார். வால்நட் சேர்த்த அவித்த கோதுமையை ஆளுக்கொரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள்.

சாப்பாட்டு மேசையில் லாசரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கெளுத்தி நீங்கதானே மாமா?"

"நானா? எனக்கு டிவி ரிமோட்டே எதிரி."

"மணல் படகுன்னு வேற யாருக்குத் தெரியும்?"

லாசர் பிளம்ஸ் சாராயத்தைக் கீழே வைத்தார். "ரெக்கார்டிங் அன்னிக்கு அவன் மாத்திப் பாடிட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி மட்டும் தலையில அடிச்சுக்கிட்டு, படகு, படகுன்னு கத்தினா. இவன் காதுல விழலை."

"யாரு?"

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார்.

அங்கே அம்மா ஸ்மில்யா, முழங்கைவரை நுரையோடு, தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீயாம்மா?"

"துணியை எடு. துடை."

"அப்ப, அப்பா எழுதறாருன்னு என்னை அடக்குவியே?"

"எழுதத்தான் உக்காந்தாரு. பாவம், வரலை."

"நேரா கேக்க வேண்டியதுதானே?"

"ஒரு தடவை கேட்டேன். நம்ம ரெண்டு பேர்ல யார் பேரைப் போட்டா என்னன்னாரு."

"கெளுத்தி நீதான்னு அவருக்குத் தெரியுமா?"

"கண்ணு போனப்புறம் எல்லாக் கருத்தையும் நான்தானே வாசிச்சுக் காட்டினேன். என்னோடதையும் சேத்துத்தான் வாசிச்சேன். ஒவ்வொரு தடவையும் 'ம், அடுத்தது'ம்பாரு."

"அவ்வளவுதானா?"

அம்மா குழாயை மூடினாள். "திங்கக்கிழமை மட்டும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாரு. வாசிச்சேன். 'ஒரு நட்சத்திரமே ஜாஸ்தி, ஸ்மில்யா'ன்னாரு. அப்புறம் தண்ணி கேட்டாரு."

செவ்வாய்க்கிழமை அவர் இறந்துபோனார். யஸ்னாவுக்கு அழுகை வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத அழுகை.

கூடத்தில் லாசர் எழுந்து, "நம்ம கவிஞருக்கு!" என்றார். நாற்காலிகள் நகர்ந்தன. இறந்தவருக்காகக் குடிக்கும்போது கோப்பைகளை முட்டுவதில்லை. அவருக்கென்று ஒரு சொட்டைத் தரையில் விட்டுவிட்டு எல்லோரும் குடித்தார்கள். யஸ்னா ஒரு கோப்பையை நிரப்பி எடுத்து வந்து அம்மாவின் ஈரக் கையில் வைத்தாள்.

அம்மா ஒரு சொட்டும் தரையில் விடவில்லை. முழுவதையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கோப்பையை மறுபடி நீட்டினாள்.