எந்த ஞாயிறு எழுந்து நிற்பது

சித்தூர் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிரசங்கத்துக்கு முன், முந்தைய வருஷங்களில் அந்த வாரம் இறந்துபோனவர்களின் பெயர்களைப் போதகர் வாசிப்பார். பெயர் வந்ததும் வீட்டார் எழுந்து நிற்பார்கள்.

எண்பத்தாறில் அந்தப் பட்டியலைப் போட்டது யூனிஸின் புரோகிராம். திருப்பதியில் கம்ப்யூட்டர் வேலை என்பதால் அவளுக்குச் சபையில் தனி மவுசு. பழைய அடக்கப் பதிவுகளையெல்லாம் டைப் செய்து, தேதிவாரியாகப் பிரிக்க மிஷினிடம் விட்டாள். எல்லாரும் மெச்சியதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச்சில் ஒரு ஞாயிறு, போதகர் கிருபானந்தம் ஐயர் வாசித்து முடித்துத் தாளை மடித்தார். ஞானம்மாள் எழுந்து நின்றாள். அவள் மகன் சுந்தர்சிங்கின் பெயரை யாரும் வாசிக்கவில்லை. ஆனாலும் நின்றாள். போதகர் தாளைப் பிரித்து மறுபடி தேடினார்.

ஆராதனை முடிந்ததும் யூனிஸ் அவளிடம் ஓடினாள்.

"பரலோகத்து ஜீவபுஸ்தகத்துலர்ந்தே எம் புள்ள பேர எட்த்துட்டாங்களோன்னு பயந்துட்டேம்மா," என்றாள் ஞானம்மாள்.

பதிவில் 3/8 என்று இருந்தது. அதை எழுதியவர் மிஷன் நடத்திய அமெரிக்கத் துரை. அவர் ஊரில் மாதம்தான் முதலில். நம்ம உபதேசியார் எழுதியதில் தேதி முதலில். எந்தப் புண்ணியவானோ இரண்டையும் கலந்து புது நோட்டில் பெயர்த்து வைத்திருந்தார். மார்ச்சில் இறந்த பையனைப் புரோகிராம் ஆகஸ்டுக்கு அனுப்பிவிட்டது.

"மிஷின் தப்பு பண்ணிடுச்சாம்மா?" என்று கேட்டார் போதகர்.

"இல்ல ஐயரே. தேதிதான் முன்னாடி வரும்னு நாந்தான் அதுக்குச் சொல்லிக்குட்த்தேன்."

பன்னிரண்டுக்கு மேற்பட்ட எண் மாதமாக இருக்க முடியாது, அதில் தொல்லையில்லை. இரண்டுமே பன்னிரண்டுக்குள் இருந்தால் இனி மிஷின் தானாக முடிவுகட்டாமல் தனியாக அச்சடித்துத் தரும்படி மாற்றினாள். அந்தத் தாளோடு வீடு வீடாகப் போனாள்.

"மாங்கா லாரி ஏத்திக்கினு இருந்தாங்கோ, அப்பதான் எங்க நைனா பூட்டாரு," என்றார் ஒருவர். அப்படியானால் 6/12 ஜூன்தான், டிசம்பர் இல்லை.

கேட்பதற்கே ஆளில்லாத பெயர்களும் மிஞ்சின. மிஷன் ஆஸ்பத்திரியில் பெருக்கிக்கொண்டிருந்த ரத்தினம்மா, 4/9.

"இவங்கள எப்பம்மா வாசிக்கிறது?"

"ரெண்டு மாசத்துலயும் வாசிங்க ஐயரே."

ஏப்ரலில் ரத்தினம்மாவின் பெயர் வந்தது. கோயிலில் ஒருவரும் அசையவில்லை. பிறகு ஞானம்மாள், தன் மகனுக்கு நின்றதுபோலவே, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள். யூனிஸ் அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

செப்டம்பரில் அதே பெயர் வந்தபோது பாதிக் கோயில் எழுந்து நின்றது.