ஆறடிச் சுவர்

வட்டாரக் கலைக்கூடத்தில் அந்த வருடம் உள்ளூர் ஓவியர்கள் பதினாறு பேர் சேர்ந்து கண்காட்சி வைத்தார்கள். ஆளுக்கு ஆறடிச் சுவர் என்று கணக்கு. "சாகற வரைக்கும் காத்திருக்க வேணாம், இங்கயே ஆறடி குடுத்துட்டாங்க" என்று பூட்டக்கா சொன்னபோது கூடத்துப் பொறுப்பாளர் அம்மாள் சிரித்துவிட்டார். வேலை நேரத்தில் சிரிக்கும் வழக்கம் அந்த அம்மாளுக்குக் கிடையாது.

பூட்டக்கா என்பது ஊர் வைத்த பெயர். கடைத்தெரு முனையில் பூட்டும் சாவியும் விற்கிற கடை அவளுடையது. சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டவர்கள், அவர்கள் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், கடைசியில் அவளைத்தான் கூப்பிட்டாக வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் வீட்டு வாசலில் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பூட்டின் நாக்கு 'டக்'கென்று பின்வாங்கும் நொடியில் எல்லோரும் கதவைப் பார்ப்பார்கள். அவள் மட்டும் அவர்களைப் பார்ப்பாள். கதவு திறக்கப்போகிறது என்பது அவளுக்குத்தான் முன்பே தெரியுமே.

அந்த முகங்களைத்தான் வரைந்திருந்தாள். மொத்தம் ஒன்பது, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். எட்டு அங்குலத்துக்கு ஒன்றாக, கண் மட்டத்தில், ஒரே கோட்டில் மாட்டினால் ஆறடி கச்சிதமாக நிரம்பும். எரிச்சலில் பல்லைக் கடிக்கும் ஒரு வக்கீலில் தொடங்கி, வெட்கம், அழுகை, பயம் என்று போய், ஈரத் தலையில் துண்டோடு வெளியே மாட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரிக்கும் ஒரு நர்ஸில் முடியும். நடந்துகொண்டே பார்க்க வேண்டிய வரிசை அது. இடையில் ஒன்றை உருவினாலும் மற்றதெல்லாம் வெறும் மூஞ்சியாகிவிடும்.

தேர்வுக்குழு தன்னைச் சேர்த்துக்கொண்டதில் அவளுக்கு ஆச்சரியமே இல்லை. படங்கள் நன்றாக வந்திருக்கின்றன என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி நடிக்கிற ஜாதியில்லை அவள். ஒரே ஒரு உறுத்தல்தான் இருந்தது. எட்டுப் பேரின் வீடு தேடிப் போய், படத்தைக் காட்டி, சம்மதம் வாங்கிவிட்டாள். ஐந்தாவது ஆளிடம் மட்டும் கேட்க வாய் வரவில்லை. ஐந்தாவது ஆள் அவளுடைய சம்பந்தி.

சம்பந்தி என்றால் சும்மாவா? பெண்ணைக் கொடுத்த இடம். அங்கே சிரிப்பைக்கூட அளந்துதான் சிரிக்க வேண்டியிருக்கிறது. அதிலும் இவர் அளவுக்கே பிறந்தவர். முப்பத்தைந்து வருடம் சர்வேயராக இருந்து ஊர் நிலத்தையெல்லாம் அளந்து எல்லைக்கல் நட்டவர். ஓய்வு பெற்ற மறுவாரமே அருவி வரைய உட்கார்ந்தார், இன்றுவரை எழுந்திருக்கவில்லை. உள்ளூர் ஓவியர் சங்கத்துக்கு அவர்தான் துணைத்தலைவர்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பட்டப்பகலில் அவருடைய கைபேசியிலிருந்து அழைப்பு வந்தது. பேச்சே இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "குளியலறை... உள்ள விழுந்துட்டா... சத்தமே இல்ல" என்றார். பூட்டக்கா பறந்து போனாள். மெல்லிய தகடு ஒன்றை நிலைக்கும் கதவுக்கும் நடுவே விட்டு நாக்கைத் தள்ள அவளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த நொடியில், வழக்கம்போல, அவள் நிமிர்ந்து பார்த்தாள். அளந்து பேசும் சம்பந்தியின் முகத்தில் அளவென்று ஒன்றுமே இல்லை. சம்பந்தியம்மா பிழைத்துக்கொண்டாள். மருத்துவமனை வாசலில் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்த கையோடு மனிதர் பழைய முகத்தை மாட்டிக்கொண்டார். அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

கண்காட்சி மாலை நான்கு மணிக்கு. காலை பத்துக்குப் பூட்டக்கா தன் அட்டைப்பெட்டியோடு கூடத்துக்குள் நுழைந்தபோது, பக்கத்துச் சுவரில் அருவி ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருந்தது. அதன் தங்க நிறச் சட்டம் அவளுடைய ஆறடிக்குள் நன்றாகக் காலை நீட்டியிருந்தது.

"வாங்க சம்பந்தி. உங்க பக்கத்துலயே இடம் கேட்டு வாங்கினேன். நமக்குள்ள விட்டுக்குடுத்துக்கலாம் பாருங்க" என்றார் அவர்.

"படம் ஆறடிதானே சொன்னாங்க?"

"படம் ஆறடிதான். சட்டம் பக்கத்துக்கு ஒரு அடி. அந்தப் பக்கம் தூண் வந்துடுச்சு, அதனால முழுசா இந்தப் பக்கம் தள்ளிட்டேன்."

இரண்டு அடி. எட்டு அங்குலத்துக்கு ஒன்று வீதம் மூன்று முகம் போய்விடும். ஊர் முழுக்க ஆக்கிரமிப்பை அகற்றியவர், சட்டம் பேசியே சட்டத்தை மீறுகிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறுப்பாளர் அம்மாளைப் பார்த்தாள். "மாடிப்படிச் சுவர்ல பன்னிரண்டு அடி காலியா இருக்குன்னு சொன்னேன், படிக்கட்டுல மாட்ட நான் என்ன காலண்டரான்னு கேட்டார். சொந்தக்காரங்கதானே, நீங்களே பேசி முடிச்சுக்கோங்க" என்று அந்த அம்மாள் ஆணிப் பெட்டியோடு நழுவிவிட்டார்.

மகளிடமிருந்து அழைப்பு வந்தது. மாமனார் இதற்குள் அவளுக்குப் போன் போட்டு என்ன சொன்னாரோ. "அம்மா, மாமாகிட்ட எதுவும் வளர்த்தாத. இந்த வீட்டுல இருக்கறவ நான்."

"நான் எதையும் வளர்த்தலடி. உங்க மாமாதான் ரெண்டடி வளர்ந்துட்டார்" என்று சொல்லிக் கைபேசியை வைத்தாள். மகளுடைய குரல் மட்டும் காதிலேயே நின்றது.

வம்பு வேண்டாம் என்று அவள் வாயைத் திறக்காமல் ஒன்பது படங்களையும் சுவரடியில் வரிசையாகச் சாய்த்து வைத்தாள். வைக்கும்போதே, இப்போதாவது கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள். சம்பந்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வயல் வரப்பைப் பார்ப்பது போல வரிசையைப் பார்வையிட்டுக்கொண்டே வந்தார்.

"ரெண்டு வரிசையா மாட்டிடுங்களேன்?"

"போலீஸ் ஸ்டேஷன்ல தேடறவங்க பலகை மாதிரி ஆயிடும், சம்பந்தி."

"அப்போ மூணு எடுத்துடலாம். நானே சொல்றேன், எனக்குக் கண்ணு பழகினது." ஐந்தாவது படத்தின் முன் நின்றார். குனிந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "முதல்ல இதை எடுங்க. யார் இந்த ஆளு? வாயப் பிளந்துகிட்டு, கண்ணு ரெண்டும் பிதுங்கி... ஒரு ஆம்பள இப்படியா நிப்பான்? பாக்கவே சங்கடமா இருக்கு."

பூட்டக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிரிப்பும் வந்தது. கேட்க வேண்டிய கேள்விக்கு இதைவிட நல்ல நேரம் வராது. ஆனால் அவர் அவ்வளவு வெறுத்துப் பேசிய பிறகு, அது நீங்கள்தான் என்று எந்த வாயால் சொல்வது? இருந்தாலும் அந்த ஆளை அவர் பேசிய பேச்சு அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அவரை மட்டும் எடுக்க முடியாது" என்றாள். குரல் கூடத்தின் மறுகோடி வரை கேட்டது. "அவர்தான் இந்த வரிசைக்கே உயிர். அவர் போனா ஒன்பதும் போகும், நானும் கெளம்பிடுவேன். சம்பந்தியா இல்ல, படம் வரைஞ்சவளா சொல்றேன்."

அவர் அசந்துபோய் நின்றார். அந்த நேரம் பார்த்து சம்பந்தியம்மா தோளில் பையும் கையில் பிளாஸ்க்குமாக வந்து சேர்ந்தாள். இரண்டு பேரும் நிற்கிற நிலையைப் பார்த்ததும் விஷயம் அவளுக்கு அரைகுறையாகப் புரிந்துவிட்டது. எதற்காக இந்தச் சண்டை என்று குனிந்து படங்களைப் பார்த்தாள்.

"அட, இது நம்ம இவரு!" என்றாள்.

"எவரு?" என்றார் சம்பந்தி.

"நீங்கதான். இந்தக் காது மடல் எனக்குத் தெரியாதா?" அவள் சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தாள். தரையில் கையை ஊன்றி, படத்தைக் கிட்டத்தில் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு நின்றுபோயிற்று. "இப்படி ஒரு முகம் நான் பாத்ததே இல்லையே. எப்போ இது?"

பூட்டக்காதான் மெதுவாகச் சொன்னாள்: "குளியலறைக் கதவு. நீங்க உள்ள இருந்தீங்க. நான் திறந்தப்போ." பிறகு, அத்தனை நாள் வராத வார்த்தை தானாக வந்தது. "சம்பந்தி, எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன், உங்ககிட்ட மட்டும் கேக்கல. தப்புதான். வேணாம்னா இப்பவே சொல்லுங்க, ஒன்பதையும் எடுத்துட்டுப் போயிடறேன்."

அவர் மனைவியைப் பார்த்தார்.

அவள் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "ஆஸ்பத்திரில நான் கண்ணு முழிச்சதும் நீங்க சொன்ன முதல் வார்த்தை, 'பாத்து நடக்கத் தெரியாதா'. ரெண்டு வருஷமா அதையேதான் நெனச்சுகிட்டு இருந்தேன்."

"நீ சத்தமே குடுக்கலையே" என்றார் அவர். குரல் பாதியில் உடைந்துபோயிற்று.

சம்பந்தி கைக்குட்டையைத் தேடினார். பையில் டேப்தான் கையில் பட்டது. தொழில் கருவி கைக்கு வந்ததும் மனிதருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நேரே அருவியிடம் போய், சட்டத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை டேப்பை இழுத்துப் பிடித்தார்.

"எட்டடி" என்று அறிவித்தார், பழைய அலுவலகக் குரலில். "ரெண்டடி ஆக்கிரமிப்பு." பிறகு திரும்பி, "மேடம், அந்த மாடிப்படிச் சுவரு இன்னும் காலியாத்தானே இருக்கு?" என்று கூப்பிட்டார். பொறுப்பாளர் அம்மாள் ஏணியோடு ஓடி வந்தார்.

அருவி படிக்கட்டுக்கு இடம் மாறியது. மேலேயிருந்து கீழே கொட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் அந்தக் கட்டடத்தில் இல்லை என்று பூட்டக்கா சொன்னாள், உண்மையாகத்தான் சொன்னாள். பிறகு அவள் ஆணி அடிக்க, சம்பந்தி டேப் பிடிக்க, எட்டு அங்குலத்துக்கு ஒன்றாக ஒன்பதும் ஒரே கோட்டில் ஏறின. மகளுக்கு ஒரு போட்டோ அனுப்பினாள். 'மாமாவா அது?' என்று பதில் வந்தது, கூடவே வரிசையாக ஆச்சரியக்குறிகள்.

நான்கு மணிக்குக் கூட்டம் உள்ளே வந்தபோது சம்பந்தியம்மா ஐந்தாவது படத்தின் முன்னால்தான் நின்றிருந்தாள். அப்போதும் சம்பந்திக்கு மனசு கேட்கவில்லை. படம் ஒரு நூல் சாய்ந்திருப்பதாகச் சொல்லி நிமிர்த்தக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க" என்று அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர் சரியாத்தான் நிக்கறார்."