ஊதி நிறுத்திய படகு

நாற்பது பேர் ஏறிய படகை ஒரே மூச்சில் ஊதி நிறுத்தியவன் நான். இதே வாயால்தான். சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கட்டும், காத்திருக்கிறேன்.

அப்போது எனக்குக் கடைசல் பட்டறை. நான் உளி வைத்தால் மரச்சுருள் மூன்று தெரு தாண்டிப் பறக்கும். தங்கை புருஷன் படகோட்டி. படகின் அடிப்பலகைகளை இறுக்க முப்பது மர ஆணிகள் கேட்டான். வெள்ளை ஓக் மரத்தில் கடைந்து கொடுத்தேன். அந்த மரம் தண்ணீரை உள்ளே விடாது.

ஆணி அடித்து முடித்த மறுநாள் காலை, படகைத் தண்ணீரில் இறக்கும் நாள். சோப்பு நுரைக் கையோடு, மிச்சமிருந்த ஓர் ஆணியை எடுத்துத் தூசி போக ஒரு முனையில் ஊதினேன். மறுமுனையில் நுரை குமிழ் குமிழாகப் பொங்கியது. அது சிவப்பு ஓக். உள்ளே நெடுக மயிரிழைக் குழாய்கள். மூச்சு போகிற வழியில் தண்ணீரும் போகும். பட்டறையில் வெள்ளையும் சிவப்பும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருந்தன; நிறம் தெரியாமல் இரண்டிலிருந்தும் கட்டை எடுத்திருக்கிறேன். கண்ணாடி போட்டால் கிழவன் என்பார்களே என்ற வீம்பு.

எத்தனை ஆணி எந்த மரம் என்று எனக்கே தெரியாது. அந்த ஆணியோடு துறைக்கு ஓடினேன், செருப்பு பின்னால் தனியாக வந்து சேர்ந்தது. எல்லாரும் ஏறியாகிவிட்டது. முன்வரிசையில் தங்கை, மடியில் குழந்தை. மாப்பிள்ளை கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாரையும் இறக்கு மாப்ளே. ஆணி ஒழுகும்."

"போன வாரம் உங்க தும்மல்ல பட்டறைக் கூரை பறந்துச்சுன்னீங்க. முதல்ல அதைத் தேடிப் பிடிங்க மச்சான்."

படகே சிரித்தது. தங்கையும் சிரித்தாள். அதுவரை நான் அவிழ்த்துவிட்ட பொய்யெல்லாம் ஒன்றாக வந்து என் வாயைப் பொத்தின. இனி என்ன சொன்னாலும் அதுவும் கதைதான். மண்டியிட்டு, ஆணியின் ஒரு முனையைத் தண்ணீரில் முக்கி மறுமுனையில் ஊதினேன். குமிழிகள் கிளம்பின.

நடுவில் நானே ஓட்டை போட்டிருப்பேன் என்றான் மாப்பிள்ளை. பிடுங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓட்டை இல்லை. தானே முக்கி ஊதினான். முதலில் குழந்தையை வாங்கிக் கரையில் விட்டான்.

எல்லாரும் இறங்கியதும் மிதிபலகையைத் தூக்கினோம். பதினொரு ஆணித் தலைகளில் தண்ணீர் முத்துமுத்தாக அரும்பி நின்றது. தங்கை என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

இன்றும் நான் நாற்பது பேர் என்றால் மாப்பிள்ளை பதினேழு என்று திருத்துவான். செருப்பு காலில்தான் இருந்தது என்பான். மூச்சைப் பற்றிக் கேட்டால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு சொல்வான்:

"ஊதித்தான் நிறுத்தினாரு. அது நடந்ததுதான்."