ஒற்றைத் தும்மல், ஒரு பறவை

அன்று காலை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். என்னை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய முடிவு என்று தெரியும். லிஃப்டில் தனியாகப் போனாலும் பொத்தானோடு இரண்டு வார்த்தை பேசுகிற ஆள் நான்.

காரணம் என் மகள் ரக்ஷா. பதினாறு வயது. டெக்சஸில், பிளானோவில் பிறந்து வளர்ந்தவள், பறவைப் பைத்தியம். ஆனாலும் பெயிண்டட் பன்டிங் என்கிற குருவியை இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. நீலத் தலை, பச்சை முதுகு, சிவப்பு வயிறு. பட்டுப்புடவைக் கடைக்காரர் கையில் சிக்கிய சிட்டுக்குருவி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் மட்டும் இந்தப் பக்கம் வரும். அடுத்த வாரம் என் வேலை எங்களை நியூ ஜெர்சிக்கு, பார்சிப்பனிக்கு, மூட்டை கட்டிக்கொண்டு போகிறது. அங்கே இந்தப் பறவை கிடையாது. இதுதான் கடைசி சனிக்கிழமை.

முன்பு இரண்டு முறை அதைத் தேடிப் போயிருக்கிறோம். முதல் முறை புதர் அசைந்த நேரத்தில் என் பாக்கெட்டிலிருந்த போனில் நாதஸ்வரம் முழங்கியது, மேனேஜர். இரண்டாம் முறை நான் "அதோ" என்று கத்தினேன். அது காய்ந்த இலை. நிஜப் பறவை பக்கத்துப் புதருக்குள் பாடிக்கொண்டிருந்ததாம். திரும்பும்போது டோல்வே சாலை முழுக்க அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இந்த முறை சொதப்பக் கூடாது. விடியுமுன்பே எழுந்து, ஷூ மாட்டி, வாசற்கதவில் கை வைத்தேன். தும்மினேன்.

"ஒத்தத் தும்மல்," என்று கிச்சனிலிருந்து குரல் வந்தது. என் மனைவி விசாலாக்ஷி. "ரெண்டு பேரும் உக்காருங்கோ. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுக் கெளம்புங்கோ."

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் அலர்ஜி."

"எதுவா இருந்தா என்னடி. ரெட்டைன்னா போலாம், ஒத்தை ஒத்தைதான்."

உட்கார்ந்தோம். குடித்தோம். ரக்ஷாவின் ஷூ தரையில் தாளம் போட்டது.

காரில் ரக்ஷாவின் விசாரணை நடந்தது. "போன்?"

"ஆத்துலயே வெச்சுட்டேன்."

"தயிர்சாத டப்பா? லாஸ்ட் டைம் கடகடன்னு…"

"டவல்ல சுத்தியிருக்கேன். ஸ்பூன் தனி."

"அண்ட் நோ டாக்கிங்."

தலையை மட்டும் ஆட்டினேன்.

ஆலன் ஊரைத் தாண்டி இருக்கிறது அந்தப் பறவை ரிசர்வ். ஆள் உயரப் புல், நடுவில் மண் பாதை. முயல் ஒன்று எங்களைப் பார்த்துக்கொண்டே மென்றது. ஓர் அர்மடில்லோ, கவசம் போட்ட பெருச்சாளி மாதிரி, மண்ணைக் கிளறிக்கொண்டு காலடியிலேயே போனது. மெஸ்கீட் மரங்கள் வந்தன. நம் ஊர் சீமைக்கருவேலத்துக்குப் பங்காளி முறை. அவர்கள் இங்கிருந்து அங்கே போய் ஊரை வளைத்தார்கள், நாம் அங்கிருந்து இங்கே வந்து பிளானோவை வளைத்தோம். இதைச் சொல்ல நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

ஒரு மெஸ்கீட்டின் எதிரே ரக்ஷா கையைத் தூக்கி நின்றாள். உச்சியில் எங்கோ மணி உருட்டினாற்போல் ஒரு பாட்டு. அவள் மெதுவாக முழங்காலிட்டாள். அந்த நேரம் பார்த்து என் மூக்கில் புல்மகரந்தம் புகுந்தது. விரலை மூக்கடியில் வைத்து அழுத்தினேன். கண்ணில் நீர் வழிந்தது. காது அடைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். தும்மல் தோற்றுப் பின்வாங்கியது. வாழ்க்கையில் இப்படி எதையும் நான் அடக்கியதில்லை.

ரக்ஷா பைனாக்குலரைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். தும்மினாள்.

பாட்டு நின்றது. இலைகள் சலசலத்தன. என்னமோ பறந்து போனது.

என் மூக்கை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள் என்று எல்லோரும் சொல்வார்கள். அவ்வளவு உள்ளே வரை உரித்திருக்க வேண்டாம்.

"லெட்ஸ் கோ, அப்பா." எழுந்துவிட்டாள். குரல் உடைந்திருந்தது. "திஸ் டைம் இட் வாஸ் மீ."

வாயைத் திறந்தேன். "ஒத்தத் தும்மல். கெளம்பப் படாது. உக்காந்து தண்ணி குடி."

"ஆர் யூ சீரியஸ்?"

"வேணும்னா, உக்காராம கெளம்பினோம்னு நீயே உங்கம்மாகிட்ட சொல்லு. எனக்கு தைரியம் இல்ல."

உட்கார்ந்தாள். குடித்தாள். "இட்ஸ் நாட் கமிங் பேக்."

"வரலைன்னா தயிர்சாதம் இருக்கு. அதுவும் தீர்ந்தா நாளைக்கு வருவோம். நாளன்னிக்கும் வருவோம். லாரிக்காரன் வந்து பெட்டியை ஏத்தற வரைக்கும் வருவோம்."

அதற்குப் பிறகு நான் பேசவில்லை. டெக்சஸ் வெயில் ஏறியது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஓர் எறும்பு என் காலுறைக்குள் குடிபுகுந்து கடித்தது. அசையவில்லை. அவளும் அசையவில்லை. பிடிவாதமும் என்னிடமிருந்து போனதுதான் போலிருக்கிறது.

மணி உருட்டும் பாட்டு மறுபடி கேட்டது.

அதே மரம். இந்த முறை பன்டிங் மறைவே இல்லாத கிளை நுனியில் வந்து உட்கார்ந்தது. "அதோ" தொண்டை வரை வந்தது, விழுங்கினேன். ரக்ஷா பைனாக்குலரை எடுக்கவேயில்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் கழித்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

அது பாட்டை முடித்துத் தானாகவே பறந்து போன பிறகுதான் எழுந்தோம். நான் பையைத் தோளில் மாட்டினேன். காலையிலிருந்து கட்டிவைத்திருந்த தும்மல் அப்போது புறப்பட்டது. முயல்கள் ஓடின. தூரத்தில் கொக்கு ஒன்று குளத்தை விட்டே கிளம்பிப் போனது.

இன்னொன்று வருமா என்று மூக்கைத் தூக்கிக் காத்திருந்தேன். வரவில்லை.

ரக்ஷா மறுபடி தரையில் உட்கார்ந்து, பாட்டிலைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

"ஒண்ணுதான்," என்றாள். "உக்காருப்பா."