நத்சுயோ வைத்த பெயர்

“நுருநுருன்னு இருந்துச்சா?”

“இல்ல.”

“பெத்தாபெத்தான்னு? மழைக்காலத்துல சட்டை முதுகோட ஒட்டுமே, அப்படி?”

“அது இல்லன்னு நேத்தே சொல்லிட்டேன். விடேன்.”

“விட்டா நீ சாப்பிட மாட்டேங்கறியே.”

நத்சுயோ இரண்டு கைகளும் எதன்மீதும் படாதபடி மடிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. என் மனைவி ஒழுங்காகச் சாப்பிட்டு இரண்டு வாரமாகிறது. எங்கள் மகள் ரிஹோவைத் தொட்டும் அவ்வளவு நாளாகிறது.

யாய்ஸு துறைமுகத்தை ஒட்டிய மீன்கூழ்த் தொழிற்சாலையில் அவளுக்கு வாயில் வைத்துப் பார்க்கும் வேலை. மெல்ல முடியாத நோயாளிகளுக்கான உணவு அங்கே தயாராகிறது. ருசி நன்றாக இருந்தாலும் நாக்குக்கு ஒவ்வாவிட்டால் துப்பிவிடுவார்கள். அந்த ஒவ்வாமை இன்னதென்று சொல்ல ஆறு பேர். கூழின் நிறம் தெரியாதபடி சிவப்பு விளக்கின் கீழ் உட்கார்ந்து ஆளுக்கொரு கரண்டி வாயில் வைப்பார்கள். விலாங்கின் முதுகுபோல வழுக்கினால் நுருநுரு. மட்டிக் கறியில் மணல் கடிபட்டால் ஜரிஜரி. அழுகிய பீச் பழத்தில் விரல் அமுங்கினால் புயோபுயோ. ஆறு பேரும் ஒரே சொல்லுக்குத் தலையாட்டும்வரை யாரும் எழுந்துபோக முடியாது. சொல் கிடைத்தால்தான் கூழைத் திருத்த முடியும்.

அன்றைக்கு வந்த கூழுக்கு எந்தச் சொல்லும் பொருந்தவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது. ரிஹோவைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டிய அவசரத்தில், சின்னப் பிள்ளைகள் செய்வதுபோல நத்சுயோ தானாகவே ஒரு சொல்லை உண்டாக்கி, இரட்டித்துச் சொன்னாள். மற்ற ஐந்து பேரும் கரண்டியைக் கீழே வைத்தார்கள். யாரும் மறுத்துப் பேசவில்லை. அவ்வளவு சரியாக இருந்தது.

அந்தக் கூழை அன்றே கொட்டி, இயந்திரத்தைக் கொதிநீரில் கழுவினார்கள். ஆனால் பெயர் கிடைத்ததும் அந்த உணர்வு ஆறு பேருக்கும் எல்லாவற்றிலும் தட்டுப்பட ஆரம்பித்தது. தேநீர்க் கோப்பையின் வழவழப்புக்கு அடியில். வெயிலில் காய்ந்த துண்டின் மொரமொரப்புக்கு அடியில். சோற்றில், தலையணையில், அவரவர் நாக்கில்.

நேற்று மேற்பார்வையாளர் செனோவைப் போய்ப் பார்த்தேன். ஜூன் மாதப் புழுக்கத்தில் கம்பளிக் கையுறை போட்டிருந்தார்.

“மறக்க முயற்சி பண்ணலையா?”

“பண்ணாமலா? வேற பேரு வச்சு நாள் பூரா சொல்லிப் பார்த்தோம். ஒட்டல.” லேசாகச் சிரித்தார். “எங்க ஆறு பேர்ல ஹினுமா அம்மா போன்ல புருஷன்கிட்ட அந்த வார்த்தையச் சொல்லிட்டாங்க. அவர் அந்தக் கூழைக் கண்ணால பார்த்ததுகூட இல்ல. இப்ப படுத்தா பாய் உடம்புல படுதுன்னு நின்னுக்கிட்டே தூங்கறாராம்.”

வாசல்வரை கூடவே வந்தார். “உங்க வீட்ல குழந்தை இருக்குல்ல?”

“நத்சுயோ என்கிட்டயே சொல்லல. குழந்தைகிட்டயா சொல்லப்போறா?”

“அவங்க சொல்லணும்னு என்ன இருக்கு? குழந்தைங்க வாயில எது வேணா வருமே.”

அவர் சொன்னது இப்போதுதான், சாப்பாட்டு மேசையில், எனக்கு உறைத்தது. ரிஹோ துருவிய கொழகொழக் கிழங்கைச் சாப்பாட்டுக் குச்சியால் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டிருந்தாள்.

“மொன்யாமொன்யா,” என்றாள். “குபாகுபா. முகேமுகே.”

நத்சுயோவின் தோள் ஒடுங்கியது. ரிஹோ அதைப் பார்த்துவிட்டாள்.

“அப்பா, அம்மா கையில முடி எழும்புது பாரு. கிட்ட வந்துட்டேன்.”

“ரிஹோ, போதும். வாய மூடிட்டுச் சாப்பிடு.”

“வாய மூடிட்டு எப்படிப்பா சாப்பிடறது? நீ மட்டும் தினம் கேக்கற. நான் கேட்டா மட்டும் தப்பா?”

இன்னொன்றைச் சொன்னாள். அதை இங்கே எழுத எனக்குத் துணிவில்லை. நத்சுயோ எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ரிஹோவின் வாயைப் பொத்தப் போன கை, உதட்டில் படாமல் அப்படியே நின்றது. ஓர் எழுத்து மாறினால் அதே சொல்தான் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

நான் ரிஹோவை எட்டிப் பிடிக்கப் போனேன். அவள் மேசைக்கு அடியில் நழுவி அந்தப் பக்கம் எழுந்தாள். அம்மாவின் மேல் படாமல், இந்த இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டபடி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

“என்னைத் தொட்டா உனக்கு அப்படி இருக்குன்னுதானே தூக்க மாட்டேங்கற?”

நத்சுயோ ஆமென்று தலையசைத்தாள்.

“எனக்கும் உன்னத் தொட்டா அப்படியே ஆயிட்டா சரியாப் போயிடும்ல? ரெண்டு பேரும் ஒண்ணாயிடுவோம்ல?” ரிஹோ நுனிக்காலில் எம்பிக் காதைக் காட்டினாள். “நானா கண்டுபிடிக்க நேரமாகுதும்மா. நீயே சொல்லிடு.”